எலும்பு மெல்பவள்

மழை பெய்து ஆறு வாரம்.
காங் போகும் சாலையின் இருபுறமும்
முழங்கால் உயரத்துக்குப் புல்.
எங்கள் நாட்டில் மழைக்கும் பணத்துக்கும்
ஒரே பெயர், புலா.
இரண்டில் ஒன்றுதான் வந்திருந்தது.

அத்தனை பச்சைக்கும் நடுவில் நின்று
சாம்பல்காரி எதையோ மெல்கிறாள்.
புல் மெல்லும் சத்தம் எனக்குத் தெரியும்,
ஈரத்துணி கிழிவது போல.
இது அது இல்லை.
கல்லோடு கல் பேசுகிற சத்தம்.
கடைவாயில் வெள்ளையாக ஒரு முனை
அணைந்த சுருட்டு மாதிரி.

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு
அவல் கிடைத்தால் கொண்டாட்டம்.
இவளுக்குக் கிடைத்தது
விலா எலும்பு.

என் பெயர் கெலபோனியே.
'பார்த்துவிட்டேன்' என்று அர்த்தம்.
நான் பிறந்த அன்று எதைப் பார்த்தாளோ,
பெற்றவள் சொல்லவே இல்லை.
நான் பார்த்தது இதுதான்:
அந்த எலும்பின் நடுவில் ஒரு முடிச்சு.
ஒடிந்து, பிறகு கோணலாய்க் கூடிய இடம்.
என் மந்தையில் அந்த முடிச்சு ஒருத்திக்குத்தான் உண்டு.
லாரி இடித்தும் பிழைத்தவள்,
போன வறட்சியில் பிழைக்காதவள்,
சாம்பல்காரியை ஈன்றவள்.

பிடுங்கினேன்.
ஒரு முனை அவள் பல்லில்
மறுமுனை என் கையில்.
நடுவில் அவள் அம்மா.
அரம் போன்ற நாக்கு என் விரலைத் தடவியது.
உள்ளே இங்கேயும் இருக்கிறதே என்று
யோசித்தது போலிருந்தது.
கையை எடுத்துவிட்டேன்.
எலும்போடு ஓடிவிட்டாள்.

கால்நடை அலுவலகத்தில் ஒலெபில்வே
பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்:
"பைத்தியம் இல்லை அவளுக்கு.
உங்கள் மணலில் பாஸ்பரஸ் இல்லை.
மணலில் இல்லாதது புல்லுக்கு ஏது?
வயிற்றுக் கன்று கேட்கிறது,
எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள்.
கொடுத்ததை எலும்பிடமே கேட்கப் போகிறாள்.
கேட்கட்டும், ஆனால்
அழுகல் ஒட்டிய எலும்பில் விஷம் இருக்கும்.
முதலில் கால் விழும். அப்புறம் நாக்கு."
பக்கத்தைத் திருப்பினான்.
"பொறுக்கி எரி. மூட்டை வாங்கு."

நாலு தள்ளுவண்டி எலும்பு.
கழுதை, ஆடு, ஒரு காட்டுமான்,
யாருடையது என்று தெரியாத தாடைகள்.
நெருப்பு வைத்தேன்.
முடிச்சு விழுந்தது மட்டும் அகப்படவில்லை.

கடையில் ம்பூசோ
என் பணப்பையைப் பார்த்தான்,
தவணை நோட்டைத் திறந்தான்.
பயிருக்குப் போட்டால் மணிச்சத்து,
மாட்டுக்குப் போட்டால் எலும்புச்சத்து,
எனக்கு இப்போதைக்குக் கடன்.
மூட்டையில் மாட்டுப் படம் சிரித்தது.
மாடுகள் அப்படிச் சிரிப்பதில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு சிட்டிகை
என் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
சுவரை நக்கியது போலிருந்தது.
ஓர் உடம்பை நிமிர்த்தி நிற்க வைப்பது
இவ்வளவு ருசியற்றதா?
அதனால்தான் உப்புக் கலக்கச் சொல்கிறார்கள்.
உப்பைக் காட்டி இதை ஊட்ட வேண்டும்.
நாலு நாள் பழைய டயரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்,
ஐந்தாம் நாள் தலையை உள்ளே விட்டாள்.
உப்பிட்டவளை நினைக்கச் சொல்லி
யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.
எழுந்து என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.
மூக்கெல்லாம் வெள்ளை.

மூட்டை பாதியான வாரம்
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அது கிடந்தது.
இரண்டு முனையும் மென்று தீர்ந்திருந்தது,
முடிச்சு மட்டும் மிச்சம்.
சாம்பல்காரி முகர்ந்தாள்.
வயிற்றுக் கன்றோடு
அதைத் தாண்டித் தண்ணீருக்குப் போனாள்.

நான்தான் நின்றேன்.

எரிக்க வேண்டும்.
இன்றைக்குக் காற்று அதிகம்.
பாவாடைப் பையில் அது கனக்கவே இல்லை,
ஒரு சாவி அளவுதான்.
ம்பூசோவின் நோட்டில்
இன்னும் இரண்டு தவணை.