சி.எஸ்.ஆர்.

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
சர்வர் என்னிடம் கேட்டது:
நாடு? மாநிலம்? ஊர்?
நிறுவனம்? பெயர்?
நிரப்பி அனுப்பினேன்.
எங்கோ முகம் தெரியாத ஒரு பெரிய கை
கையெழுத்துப் போட்டுத் திருப்பியது,
இந்தச் சர்வர் இந்தச் சர்வர்தான் என்று.
மொத்தம் நாலு நிமிஷம்.
அந்த விண்ணப்பத்துக்குப் பெயர் சி.எஸ்.ஆர்.

காலையில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து
நான் கேட்டதற்கும் அதே பெயர்.

எர்ணாவூருக்கு அந்த மார்கழியில்
வெள்ளம் தனியாக வரவில்லை,
எண்ணெயைக் கூட்டிக்கொண்டு வந்தது.
பீரோவின் கீழ்த்தட்டில் என் பி.எஸ்ஸி.
மூன்று நாள் ஊறிக் கிடந்தது.
இப்போது ஆபீசில் அசலைக் காட்டு என்கிறார்கள்.
நகல் வாங்க
போலீஸ் ரசீது வேண்டுமாம்.

ரைட்டர் தேசிங்கு டீ கிளாஸை நகர்த்தினார்.
"நனைஞ்சிச்சா, தொலைஞ்சிச்சா?"
நனைஞ்சிச்சு சார்.
"நனைஞ்சதுக்கு நாங்க இன்னாம்மா பண்ணுறது?
வானத்து மேல கேஸு போடவா?
தொலைஞ்சிச்சுன்னு எழுது.
எந்த பஸ்ஸு?"

ஒன் சி, என்றேன்.
வாயில் வந்த முதல் பஸ்.
"எங்க?"
தேரடி.
"ஜன்னலாண்ட குந்தினு இருந்த, அசந்துட்ட."
அவருக்கே கதை பிடித்துவிட்டது.
பைக்குப் பழுப்பு நிறம் கொடுத்தவர் அவர்.
ஜிப் அறுந்திருந்ததும்
அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெயர்? சகாயராணி.
அப்பா பெயர்? ஊர்?
தெருவைச் சொன்னபோது மட்டும்
பேனா நின்று
என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது.
சர்வரிடம் யாரும் தெரு கேட்பதில்லை.

"இன்னா வேல பாக்குற?"
கம்ப்யூட்டர்ல சார்.
இன்னார் இன்னார்தான்னு உறுதி பண்ற வேலை.
சிரித்தார்.
"அப்ப நம்ம வேலதான்."
ஊதா முத்திரை. எண் இருநூற்றுப் பதினாலு.
இங்கே நாற்பது நிமிஷம்,
பொய் எழுத மட்டும் அதில் முப்பது.

எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு:
விண்ணப்பம் ஊரெல்லாம் போகலாம்,
சாவி போகக் கூடாது.
பிறந்த பெட்டிக்குள்ளேயே அது கிடக்க வேண்டும்.
யாருக்கும் காட்டக் கூடாது,
கையெழுத்துப் போடும் அந்தப் பெரிய கைக்கும்கூட.

ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு
உண்மையான ஒன் சி-யில் ஏறினேன்.
ஜன்னல் ஓரம் கிடைத்தது.
தேரடி வந்தபோது, என்னவோ,
பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் கட்டிலுக்கடியில் பால் கவருக்குள்
தொலையாமல் இருக்கிறது அது.
எடுத்தால் விரல் கறுக்கும்.
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால்
தமிழ் வரியில் என் பெயர் தெரிகிறது,
முதல் எழுத்தை மட்டும் எண்ணெய் தின்றுவிட்டது:
காயராணி.

சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.
இரண்டாம் முறையும்.
பல்கலைக்கழகப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது
பெயர் என்ற கட்டத்தில்
லேசாக ஒரு கட்டைவிரல்.