விளிம்பழுக்கு

இனாரி ஏரிக்கு வடக்கே
என் நூலகப் பேருந்துக்குப் பதினான்கு நிறுத்தங்கள்.
டிசம்பரில் சூரியன் விடுப்பில் போய்விடும்;
ஹெட்லைட்டைப் பார்த்துத்தான்
வீடுகள் கதவு திறக்கும்.

பத்து வயதுக்கு என்ன கதை தருவது என்று
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
நான் புத்தகத்தின் பக்கவாட்டைப் பார்ப்பேன்.
அட்டை பொய் சொல்லும், பின்னட்டை புளுகும்,
விரல் பட்ட விளிம்புக்கு
மறைக்கத் தெரியாது.

தங்க முத்திரை குத்திய ஒன்று:
முப்பத்துநாலாம் பக்கம்வரை சாம்பல் நிறம்,
அப்புறம் கடைசிமட்டும் பால்வெள்ளை.
எடுத்துப்போன ஒன்பது பிள்ளைகளும்
ஒரே இடத்தில் இறங்கியிருக்கிறார்கள்.
திறந்து பார்த்தேன்.
முப்பத்தைந்தில் ஒரு மாமா
நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.

ஏழாம் நிறுத்தம், பெட்ரோல் பங்க் அருகே.
கலைமான்களுக்கு ஊசி போடும் ஹில்க்கா
பூட்ஸ் பனியை உதறிக்கொண்டு ஏறினாள்.
"பத்து வயசு. ஜாலியா இருக்கட்டும்,
ஆனா உருப்படியாவும் இருக்கணும்."
அந்த 'ஆனா' வந்துவிட்டால்
என் கை தானாக மேல்தட்டுக்குப் போகும்.
அங்கேதான் வெள்ளை விளிம்புகள்
தூங்குகின்றன.

அதற்குள் மகள் வில்யா
தரையில் உட்கார்ந்துவிட்டாள்,
ஒரு கையுறையைக் கழற்ற மறந்து,
பனிவாரி வண்டியைத் திருடிக்கொண்டு
தப்பி ஓடும் ஒரு பல் டாக்டரோடு.

இந்தப் பேருந்திலேயே அழுக்கான புத்தகம் அது.
முதலிலிருந்து முடிவுவரை கறுத்த விளிம்பு.
அறுபதாம் பக்கத்தில் பற்பசை,
தொண்ணூறில் சால்மன் சூப்,
நூற்றுப்பத்தில் இருப்பது என்னவென்று
நான் விசாரிக்கவில்லை.
கடைசித் தாள் மட்டும் கிடையாது.
தானெலி வீட்டு நாய்க்கு
முடிவு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"முடிவே இல்லையே, வேற எடுத்துக்கோ" என்றேன்.
"டாக்டர் பாலத்துக்கு வர்றவரைக்கும் இருக்கா?"
"இருக்கு. பாலம் பாதி தூக்கியிருக்கும்."
"அது போதும்."
ஹில்க்கா பெருமூச்சு விட்டு
உருப்படியான ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, மைனஸ் முப்பத்தொன்றில்,
உருப்படியானது போன மேனிக்குத் திரும்பி வந்தது.
மற்றதில் ஒரு தாள் கூடியிருந்தது,
கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாள்,
கலைமான் காலுக்குச் சுற்றும் பிளாஸ்திரியால் ஒட்டி.
பென்சில் எழுத்து. ஏராளமான பிழை.
பாலத்தின் அந்தப் பக்கம் கலைமான்கள் ஏற
பாரம் தாங்காமல் பாலம் தாழ்கிறது;
துரத்தி வந்த போலீஸ்காரருக்கு
சரியாக அந்த நிமிடம்
கடைவாய்ப்பல் வலி எடுக்கிறது.

விதிப்படி புதுப் பிரதி வரவழைத்தேன்.
மொடமொடவென்று தாள், பக்கங்கள் பூரணம்.
சீந்துவாரில்லை.
பழசுக்குத்தான் காத்திருப்புப் பட்டியல்.
ஒன்பதாம் நிறுத்தத்து உர்ஹோ
தன் பங்குக்கு ஒரு தாள் ஒட்டினான்,
அதில் டாக்டருக்கே பல்வலி.
பதின்மூன்றில் இரட்டையர்,
ஒரே முடிவில் ஒத்துப்போகாமல்
ஆளுக்கொன்று.
புத்தகம் இப்போது மூட மறுக்கிறது.
ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன்.

மார்ச்சில் வெளிச்சம் வந்தது.
ஹில்க்கா தனியாக ஏறி
புதுப் பிரதியை உருவி
நின்றவாக்கில் கடைசித் தாளைப் படித்தாள்.
"அச்சடிச்சதுல பல்வலியே காணோமே?"
சில்லறை குறைத்துக் கொடுத்த கடைக்காரனைப்
பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.
பிறகு பழசுக்குப் பெயர் கொடுத்தாள்.
பட்டியலில் பதினொன்றாவது.
'ஆனா' என்று எதுவும் சொல்லவில்லை.

அச்சிட்ட முடிவை
நான் இன்னும் படிக்கவில்லை.
இந்த ஆண்டு பட்ஜெட்டில்
முத்திரை குத்தியவற்றைக் குறைத்துவிட்டு
ரப்பர் பேண்டு இரண்டு பெட்டி
எழுதி அனுப்பியிருக்கிறேன்.
காரணம் என்ற கட்டத்தை
நிரப்பவில்லை.