இடுக்கி

லியோனிலிருந்து மாதிரி வந்தது செவ்வாய்க்கிழமை,
ரயிலில், மாயேலின் கைப்பைக்குள்,
மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கும் மடக்குக் குடைக்கும் நடுவே.
சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு வெள்ளிப் படலம்.
அதற்குள், கஞ்சர் வீட்டுக் கேசரியில் முந்திரி போல
ஒன்றுக்கொன்று குரல் எட்டாத தூரத்தில்
ரோடியம்:
முப்பது முப்பது அணுக்களாக.

கட்டியாய்க் கிடக்கும் ரோடியத்துக்குக் காந்தம் கிடையாது.
மோதிரம் கறுக்காமல் மேலே பூசுவார்கள்,
காரின் புகைக்குழாயில் அடைப்பார்கள்,
வடக்கு எது என்று கேட்டால் விழிக்கும்.
அதையே முப்பது பேராகக் குறைத்து
வெற்றிடத்தில் பறக்கவிட்டால்
சேர்ந்து ஒரு பக்கம் தலை திருப்புகின்றன.
தனிமரம் தோப்பாகாது என்பார்கள்.
இங்கே தோப்பானதும்தான் தொலைகிறது.

பறக்கும்போது இருந்தது
புதைத்த பிறகும் இருக்குமா என்பதுதான் கேள்வி.
முப்பதில் ஐந்தாறுதான் உள்ளே,
மிச்சமெல்லாம் வெள்ளியோடு தோள் உரசும்.
உரசினால் என்ன ஆகும்,
கணக்கு போட்டவர்கள் இரண்டு கட்சி.

உணவகத்தில் இதைச் சொன்னபோது
"உன்னைப் போல" என்றான் ஜில்தாஸ்,
வேற்றூரில் பதிந்தவள் என்ற கனிவில்.
இல்லை, என்றேன்.
எனக்கு பி ட்ராமில் மாதச் சீட்டு இருக்கிறது,
மேல்வீட்டுக்காரனோடு தண்ணீர்க் கசிவு வழக்கு இருக்கிறது,
ராஜபாளையத்தில் பேசாத அண்ணன் ஒருவன்.
முப்பது அணு அல்ல நான்.
உவமைக்கு வேறு ஆள் பார்.

கிரெனோபிளில் பிப்ரவரி நள்ளிரவு.
ஹீலியம் ஊற்றியாயிற்று,
கருவி பெருமூச்சு விட்டு அடங்கிவிட்டது,
ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கும் இடத்தில் இருட்டு கூடுதல்.
திரையில் வளைவு வந்தது.
அழகான வளைவு,
அறையின் வெப்பத்திலும் மறக்காத காந்தம்.

அழகாக இருந்ததால்தான் இடறியது.
இத்தனை சின்னக் கொத்து
இந்தச் சூட்டில் எதையும் நினைவு வைத்திருக்காது.
வெப்பம் அதைப் புரட்டிப் புரட்டிப் போடும்,
கண் இமைப்பதற்குள் கோடி வடக்கு.
புலம் இல்லாமல் அளந்தால் சராசரி சூன்யம்:
காந்தம் இல்லாமல் அல்ல,
நிற்க விடாததால்.

அப்படியானால் இங்கே நிற்பது யார்?

மேசையில் கிடந்தது இடுக்கி.
எஃகு. ஒரு நுனி லேசாக மழுங்கி.
மூன்று வாரமாக எல்லா மாதிரியையும்
அதனால்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு இரும்பு
படலத்தின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு
உள்ளே கோடிக்கணக்கில் இருப்பவர்களை மீறி
நான் நான் என்று கத்தியிருக்கிறது.
நானும் அதைக் குறித்துக்கொண்டிருக்கிறேன்,
கூச்ச சுபாவக்காரரின் குரல் என்று.
அரையாண்டு அறிக்கையில்
வண்ணப் படமாகக்கூட.

நீர்த்த அமிலத்தில் ஓரங்களைக் கழுவினேன்.
பிளாஸ்டிக் இடுக்கி, மஞ்சள் நிறம், ஒன்றரை யூரோ.
மறுபடி குளிர்.

அறை வெப்பத்தில் ஒன்றுமில்லை.
நூறு கெல்வினில் ஒன்றுமில்லை.
பத்தில், காந்தத்தை மெல்ல ஒதுக்கும்
வெள்ளியின் வழக்கமான சலிப்பு மட்டும்.
விடிவதற்குள் இரண்டுக்கு இறக்கினேன்.
நேராகப் போன கோடு
கடைசியில் கொஞ்சம் சாய்ந்தது.
அடுத்த அறையில் யாரோ
தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி.
பிழைக்கோடுகளின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஜில்தாஸிடம் சொல்லவில்லை.
அறிக்கைப் படத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை
இரண்டு முறை எழுதி, மூன்றாவதை அனுப்பினேன்.
பிறகு மாயேலுக்கு:

இருக்கலாம். உறுதியில்லை.
இன்னொரு மாதிரி கொண்டு வா.
இந்த முறை குடைக்குப் பக்கத்தில் வைக்காதே,
அதன் கம்பி இரும்பு.