மூன்றாம் பாகத்தின் மிச்சம்

படத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் சொல்வதில்லை.
ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.
பெயர் வைத்து அலுத்துப்போன வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

இன்றிரவு ஐந்து முடிந்து
காலி வீதிக்கு வந்தபோது மழை விட்டிருந்தது.
வெள்ளவத்தையில் கொத்துக் கடையின் இரண்டு தகடுகள்
எங்களுக்கு முதலே சண்டையைத் தொடங்கியிருந்தன.

"ஒண்டோட நிப்பாட்டியிருக்க வேணும்" என்றான் துஷ்யந்தன்.
எட்டு வருசமாக இதையே சொல்கிறான்.
எட்டு வருசமாக முதல் நாளே டிக்கெட் எடுக்கிறான்.
கப்டன் வெளியிலிருந்து கதவைச் சாத்துகிறாள்,
நீல நிலவு கண்ணாடியில் ஏறுகிறது, இருட்டு, பெயர்கள்.
"அதுக்குப் பிறகு என்ன கதை கிடக்கு?
சாத்தின கதவுக்குள்ள கையை விட்டுக் காசு தேடுறதா?"

ரிஃப்கான், வாய் நிறைய ரொட்டியோடு:
"ரெண்டுல அவ உசுரோட வந்தப்ப
கதிரைல ஏறி விசிலடிச்சது யாரு, செல்லு?"

துஷ்யந்தன் மறுக்கவில்லை.
உப்புக் கேட்டான்.

நான் மூன்றின் கட்சி.
மூன்றை எங்களில் ஒருவரும் முழுதாகப் பார்க்கவில்லை.
டீசல் இல்லாத அந்த வருசம், தெஹிவளையில்,
துரு (ரோபோவுக்கு நாங்கள் வைத்த பெயர்)
உடைந்த கப்பலின் நடுவில் நின்று
கப்டனிடம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறது.
வாய் இல்லை அதற்கு, ஒரு மஞ்சள் விளக்கு.
அது மினுங்கத் தொடங்கியதும்
திரை போனது. ஏசி போனது. தெஹிவளை போனது.

மனேஜர் டோர்ச்சோடு வந்து
மூன்று பாஷையிலும் மன்னிப்புக் கேட்டார்.
பஸ் இல்லை. நாலு பேரும் நடந்தோம்,
தண்டவாளத்தோரம், கடல் மட்டும் சத்தமாக,
வெள்ளவத்தை வரைக்கும் மிச்சப் படத்தை எடுத்தபடி.
சிவநேசன் தனக்குத் தெரிந்த ஃப்ரிட்ஜ் வேலையை வைத்து
கப்பலைத் திருத்தினான்.
ரிஃப்கான் வில்லனைக் கொன்றான், பிறகு பாவம் பார்த்து எழுப்பினான்.
நான் துருவைப் பேச விடவில்லை.
"மிச்ச பற்றரியை அவளுக்குக் குடுத்திட்டு
விளக்கை அணைக்கும், அவ்வளவுதான்" என்றேன்.
அரை மைல் தூரம் ஒருவரும் கதைக்கவில்லை.
அதைவிட நல்ல விமர்சனம் எனக்குப் பிறகு கிடைத்ததில்லை.

நாலு வந்தபோதுதான் தெரிந்தது,
துரு "வீடு" என்று சொன்னதாம்.
வீடு! பிஸ்கட் விளம்பரம் மாதிரி.
ஒருநாள் போனில் மூன்றைப் பார்க்க உட்கார்ந்தேன்.
மஞ்சள் விளக்கு மினுங்கியதும் நிறுத்திவிட்டேன்.
அந்த இடத்தில் எனக்குக் கரண்ட் இல்லை.

"அப்ப உன்ர மூண்டைக் கணக்கெடுக்கேலாது" என்றான் துஷ்யந்தன்,
"எடுத்தவங்களுக்கே தெரியாத முடிவு."
"தெரிஞ்சிருந்தா நாலு இப்பிடி வந்திருக்காது."
கொத்துக்காரர் ஒரு கணம் தகடுகளை நிறுத்தி
எங்களைப் பார்த்தார். எந்தப் பாகமும் பார்க்காதவர்.
என் பக்கம்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு ஐந்து.
"அந்தக் கடைசிக் காட்சி" என்று துஷ்யந்தன் தொடங்க
போன் அடித்தது. புக்கரெஸ்ட்.
கிடங்கில் இரவு வேலை, பின்னால் ஏதோ வண்டி பீப் பீப்,
சிவநேசன் மூச்சு வாங்க:
"டேய், ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது.
எனக்கு லீவு வெள்ளிக்கிழமைதான்."
"நல்லமோ இல்லையோ எண்டு மட்டும்?"
"அதையும் சொல்லாத."
முகங்களைக் கல்லாக்கிக்கொண்டு பிளேன்டீயைக் காட்டினோம்.
ரிஃப்கானின் கண்ணில் படம் ஓடிக்கொண்டிருந்தது,
போனை அவனிடமிருந்து திருப்பினேன்.
"இதில துருவுக்கு என்ன நடந்தாலும்" என்றான் சிவநேசன்,
"அண்டைக்குத் தண்டவாளத்தில அணைஞ்சதுதான் எனக்கு."
லைன் போனது.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.
தெமட்டகொடைக்கு ஆயிரத்து நூறு கேட்கிறான் த்ரீவீல்காரன்.
ஒரு காலை உள்ளே வைத்த ரிஃப்கான்
பொறுக்க முடியாமல் திரும்பி
"அந்த மஞ்ச..." என்றான்.
"வாயை மூடு" என்றோம் இருவரும்.

வெள்ளி வரைக்கும் ஐந்து இல்லை.