மூன்று புளிக்கறி

இரண்டாம் சனிக்கிழமை. இந்த முறை என் வீட்டில்.
ஏழு நாற்காலி வேண்டும், இருப்பது ஐந்து.
மாடிவீட்டுச் சேவியரிடம் இரண்டு வாங்கினேன்.
ஒன்றுக்குக் கால் ஆடும்,
அதில் நான் உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு.
கேள்விகள் ஆறு எழுதி வைத்திருந்தேன்,
நல்ல கையெழுத்தில்.

கொழிஞ்சாம்பாறையில் கணவாய்க் காற்று
ஆறு மணிக்கே மின்சாரத்தைக் கொண்டுபோயிற்று.
மருந்துக்கடையைச் சாத்திவிட்டு வந்த கமருதீன்
கைப்பேசி வெளிச்சத்தின் மேல்
கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தார்.
கூடம் மீன்தொட்டி ஆனது.
ஈரக் குடைகள் வாசலில் ஒன்றையொன்று நனைத்தன.

புத்தகம்,
லாரிக்காரர்களுக்குச் சோறு போட்டே
ஆறு பிள்ளைகளைக் கரையேற்றிய குடும்பத்தின் கதை.
கடைசி மகள் எழுதியது. அத்தியாயத்துக்கு ஒரு பண்டம்:
அப்பா கடை தொடங்கிய வருஷம் புளிக்கறி,
அண்ணன் ஓடிப்போன வாரம் பருப்புருண்டைக் குழம்பு,
அம்மா யாரோடும் பேசாத நாற்பது நாளும்
பூண்டு தட்டாத ரசம்.
எதற்கும் உப்பு எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை.

ஆளுக்கொரு அத்தியாயம் சமைத்து வரலாமென்று பேச்சு.
மூடிகளைத் திறந்தால்
புளிக்கறி, புளிக்கறி.
"எல்லாரும் முதல் அத்தியாயத்தோட நிறுத்தியாச்சாக்கும்"
என்றார் தபால் ஆபீஸ் வேலுமணி.
அவர் தூக்கிலும் அதுவேதான்.

சிரித்து ஓய்ந்ததும் வரிசையாக வைத்து
விடைத்தாள் திருத்துவதுபோல் ருசி பார்த்தோம்.
கமருதீன் வீட்டுக் கறியில் தேங்காயெண்ணெய்.
வேலுமணியுடையதில் நல்லெண்ணெய்.
என்னுடையதில் கடலெண்ணெய்;
நீ எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

மயிலாத்தாள் அப்போதுதான் தூக்கை நகர்த்தினாள்.
பால் சொசைட்டியில் கொழுப்பு அளக்கிறவள்.
எட்டு மாதமாய் வருகிறாள்,
'சரிங்க' தவிர ஒரு சொல் சொன்னதில்லை.
தூக்கில்
கோதுமை நொய்க் கஞ்சி.

ஒன்பதாம் அத்தியாயம்.
நாங்கள் எல்லோருமே தாண்டிப் போனது.
கடை மூடிக் கிடந்த ஆறு மாதம்
ரேஷன் கோதுமையை உடைத்துக் காய்ச்சிக் குடித்தார்கள்.
தெருவுக்குத் தெரியக் கூடாதென்று
தினமும் பதினோரு மணிக்கு
ஒரு சொட்டு எண்ணெயில்
கடுகும் கறிவேப்பிலையும் பொரிப்பாள் அம்மா.
தாளிப்பதற்குக் குழம்பு கிடையாது.
வாசம் போய்
ஐந்தாறு வீடுகளில் சொல்லிவிட்டு வரும்,
இங்கே எல்லாம் நலம் என்று.

"எனக்குத் தமிழ் பேசத்தானுங்க வரும்,
படிச்சது மலையாளப் பள்ளிக்கூடம்.
பால்வண்டித் தம்பி வாசிச்சான்,
நான் எழுதிக்கிட்டேன்."
சொசைட்டிக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில்
மலையாள எழுத்தில் தமிழ்.
வளைந்த எழுத்துக்குள் எங்கள் பேச்சு
விருந்தாளி வீட்டில் படுத்ததுபோல்
காலை மடக்கிக்கொண்டிருந்தது.

இரண்டும் தெரிந்த கமருதீன் உரக்க வாசித்தார்.
"அன்று அம்மா அழுதாள்" என்ற இடத்தில் நின்றுவிட்டார்.
ஓரத்தில் அவளுடைய வரி ஒன்று:
'பொய். அந்தப் பசியில அழுகை வராது, கொட்டாவிதான் வரும்.'
அதற்குக் கீழே:
'உப்பைக் கடைசியில போடணும்.
முதல்லயே போட்டுட்டா
பத்தலைன்னு தண்ணி ஊத்துறப்ப
உப்பும் கூடச் செலவு.'

யாரும் பேசவில்லை.
மயிலாத்தாள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு
"ஆறுதுங்க, குடிங்க" என்றாள்.
குடித்தோம். வேலுமணி இரண்டு முறை வாங்கினார்.
ஆறு கேள்விகளின் மேல் யாரோ
சூடான கரண்டியை வைத்திருந்தார்கள்.

ஒன்பதரைக்கு மின்சாரம் வந்தது.
வெளிச்சத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சம்.
அடுத்த மாதப் புத்தகம் முடிவாகவில்லை.
காலியான தூக்கைத் தானே கழுவி,
நோட்டைப் பால்கவரில் சுற்றி,
அவள் வேலந்தாவளம் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை
மிச்சமிருந்த மூன்று புளிக்கறியையும்
ஒரே சட்டியில் ஊற்றிச் சுட வைத்தேன்.
எது யாருடையதென்று தெரியவில்லை.
உப்பு மட்டும்
கூடுதல்.