வகை: மற்றவை

இரண்டு வருடத்தில் பதினேழு புகார்,
எல்லாம் இரவு ஒன்றரைக்கு மேல்.
செல்லூர், அகிம்சாபுரம், மாடி வீடு.
பெயர் ஒச்சப்பன்.
எனக்கு அவன் வெறும் இணைப்பு எண்,
கடைசி மூன்று இலக்கம் நாலு, ஒன்று, ஒன்று.

"யக்கா, போயிருச்சு."
"உங்க வீட்ல மட்டுமா, தெருவுக்கேவா?"
"தெருவே இருட்டுக்கா. ஆறு நிமிசப் பாட்டு, சேவ் பண்ணல."
பாட்டுக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஃப்யூஸ், கம்பி, மீட்டர், டிரான்ஸ்பார்மர், மற்றவை.
ஃப்யூஸ் என்று போட்டேன்.

நேற்று லைன்மேன் தவமணி அண்ணன்
போனை என் மேஜையில் வைத்து
"அந்தப் பய ஆல்பம் போட்ருக்கான். ஏழாவதக் கேளும்மா" என்றார்.
ஹெட்செட்டில் ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டேன்.

முதலில் தறி.
நடக்கிற தறி இல்லை, நொண்டுகிற தறி.
நாலாவது அடிதோறும் ஓர் இழை அறுகிறது,
அறுந்த இடத்தில் தவில் விழுகிறது.
கீழே ஏதோ கிளப்பின் தரையை அதிரவைக்கும் பேஸ்.
அதன் இடுக்கில்
தத்தனேரிக்குப் போகும் வழியில் கேட்கிற ஒப்பாரி,
அழுகையைக் கழித்துவிட்டு மூச்சு மட்டும்.
கொத்துப் பரோட்டாச் சத்தம் வரும்,
மதுரை என்றால் அது வராமலா என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
பையன்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று
விடாமல் முனகிக்கொண்டே இருந்தது.
"தெரியுதா? நம்ம டிரான்ஸ்பார்மர்" என்றார் தவமணி,
பெற்ற பிள்ளை மேடையேறின மாதிரி.
ஆல்பம் முழுக்க அதுதான் சுருதியாம்.

பிறகு நான்.
"புகார் பதிவு செய்யப்பட்டது."
அந்தப் 'பதிவை'ப் பிடித்து இழுத்திருக்கிறான்.
ப ஒரு கரையில், வு ஒரு கரையில்,
நடுவில் 'தி' மட்டும்
யானைக்கல் பாலம் நீளத்துக்கு.
தூக்கக் கலக்கத்தில் சொன்னது
அருள் வந்தவள் சொன்னதுபோல் கேட்கிறது.
அழைப்பு பதிவு செய்யப்படலாம் என்று
சொல்கிற இடம் எங்களுடையது.
அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
கோபம்தான்.
கோபத்தோடேயே இரண்டாவது தடவை போட்டேன்.

ஒன்பதாவதை யாரும் சொல்லவில்லை, அது தானாக ஓடியது.
பாதியில் எல்லாம் நின்றது.
போன் செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.
இல்லை, ஓடுகிறது:
ஒரு தெரு நிறையத் தறிகள் ஒரே மூச்சில் அடங்கி,
ஒரு நாய்,
பேப்பரை மடித்து விசிறும் யாரோ,
"தீப்பெட்டிய எங்கடி வச்ச,"
அப்புறம் அதுவும் இல்லை.
நாற்பது விநாடி.
பிறகு, ஏஏஏய்ய்ய் என்று ஒரு கூச்சல்,
மாடிக்கு மாடி தாவி
கிழவன் குமரன் குழந்தை எல்லாரும் ஒரே சுதியில்,
தறி விட்ட இடத்தில் தொடங்குகிறது.

பதினோரு வருடம் இந்த நாற்காலியில்.
போய்விட்டது என்று சொல்ல ஊரே கூப்பிடும்.
வந்துவிட்டது என்று ஒருத்தர் கூப்பிட்டதில்லை.
இங்கே ஜெனரேட்டர்,
எங்களுக்கு இருட்டும் தெரியாது, அந்தக் கூச்சலும் தெரியாது.

தவமணி அண்ணன் கண்ணைத் துடைக்கவெல்லாம் இல்லை.
மூக்குப்பொடி டப்பாவைத் தேடிக்கொண்டே
"இத என்ன பாட்டுன்னும்மா சொல்றது,
நம்ம பாட்டா, இங்கிலீசுப் பாட்டா?" என்றார்.
எனக்குத் தெரிந்த கட்டங்கள் ஐந்துதான்.
சொன்னேன். சிரித்தார்.

மணி ஒன்று ஐம்பது. மேஜையில் போன்.
நாலு, ஒன்று, ஒன்று.
"யக்கா, போயிருச்சு..."
உங்க வீட்ல மட்டுமா என்று கேட்க வேண்டும்.
"எத்தனாவது நிமிசத்துல?" என்று கேட்டேன்.