கேட்கும் தொகை

கொழுந்து நிறுத்த கையோடு
படங்குகூட அவிழ்க்காமல் வந்தார்கள்,
நோர்வூட் சங்கக் காரியாலயத்துக்கு.
பதினாறு பேர், ஒன்பது கதிரை.
தலைவரிடம் சுகாதாரக் கூட்டம் என்றிருந்தோம்.
சவர்க்காரம் வாங்கக் காசு தந்தார்.

கொழும்புச் சட்டத்தரணி ஷிஃபானா
மூன்று வரித் தாளொன்றை விரித்தார்:
வன்புணர்வு.
இரத்த உறவு செய்தது.
பிறந்தாலும் பிழைக்காதென்று டாக்டர் சொன்ன பிள்ளை.
"முதலில் இவ்வளவும் கேட்போம்.
கூடக் கேட்டால் இருக்கிற கதவும் சாத்திவிடும்."
பொய்யில்லை. அந்தக் கதவுகளின் முன்
பன்னிரண்டு வருஷம் நின்றவர் அவர்.

தகரத்தில் மழை.
நாங்கள் அந்தத் தாளில்
லோகமணியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அவளை யாரும் பலாத்காரம் செய்யவில்லை.
புருஷன் வெள்ளவத்தைக் கடையில் தேத்தண்ணி ஊற்றுகிறவன்,
மாதம் ஒருமுறை வருவான், நல்லவன்.
வயிற்றில் இருந்ததற்கும் குறையில்லை, அது நாலாவது.
அரைப்பேர் விழுந்தால் அடுப்பெரியாது,
அவ்வளவுதான் அவளுடைய காரணம்.
நாவலப்பிட்டியில் ஒரு பின்னறை.
திரும்பும் பஸ்ஸில் சீட்டு நனைந்தது.
மரணச் சான்றிதழில் காய்ச்சல்.

ஜெயசீலி எழும்பினாள்:
"மிஸ், நாங்க சம்பளம் கேட்டுப் பழகின ஆளுங்க.
ஆயிரம் கேட்டா எழுநூறு தருவான்.
எழுநூறுன்னே கேட்டா?"

சுவரோரம் இருந்து ரெங்கநாயகி,
யாரையும் பார்க்காமல்:
"ஆபரேசனுக்கு லொறியில ஏத்திக்கிட்டுப் போய்க்
கொழாய முடிச்சுப் போட்டப்ப
உசிரு புனிதம்னு ஒருத்தனும் சொல்லல.
கையில காசு வச்சான். ஒரு சேலையும்."

ஷிஃபானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.

நாலாவது வரியைப் பென்சிலால் எழுதியது நான்:
அவள் வேண்டாம் என்றால்.
"இதோடு உள்ளே எடுக்கமாட்டார்கள்" என்றார்.
அழி என்று சொல்லவில்லை.

ஃபிலோமினா கையெழுத்து வைக்கவில்லை.
மாதாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்றாள்.
மழை விடவில்லை என்று
குடையை மட்டும் எனக்கு விட்டுப் போனாள்.

சவர்க்காரக் காசில் அறுபது ஃபோட்டோ கொப்பி.
பென்சில் வரி எதிலும் சரியாக விழவில்லை.
லயத்தில் பிள்ளைகள் தூங்கியபின்
ஒவ்வொன்றிலும் பேனாவால் மேலே எழுதி வருகிறேன்.
காலையில் ஆறரைக்குப் பெரட்டு.
இது நாற்பத்திரண்டாவது.